வெறும் சாதத்தை ருசி பார்க்க 400 ரூபாயா?

கேள்வி – ஜனவரி 5, காலை 10:12

எங்கள் ஏரியாவில் ஒரு பாரம்பரிய அரிசிக் கடை இருக்கிறது. மாதம் ஒருமுறை, கடை சாத்திய பிறகு பத்துப் பேரைக் கூப்பிட்டு வெறும் சாதத்தைச் சுவைக்கக் கொடுக்கிறார்களாம். தலைக்கு 400 ரூபாய். குழம்பு இல்லை, ரசம் இல்லை. சாதத்துக்கு ஏதுங்க ருசி, ஊற்றுகிற குழம்புக்குத்தானே ருசி? இப்படிப் போய் ஏமாந்தவர் யாராவது இருக்கிறீர்களா?

ஜனவரி 5, இரவு 11:34

ஏமாந்தவன் இங்கே இருக்கிறேன். போன சனிக்கிழமை ராத்திரி, திருச்சியில். உங்கள் ஏரியா கடைதானா என்று தெரியாது, ரேட் மட்டும் அதே 400.

ஒன்பதேகாலுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து நுழையும்போது திருடப் போகிற மாதிரி ஒரு கூச்சம். மூட்டைகளை ஓரமாக நகர்த்திவிட்டு நடுவில் பாய் விரித்திருந்தார்கள். பகலில் போனால் அந்தக் கடையில் கல்லாவும் தராசும்தான் கண்ணில் படும். ராத்திரியில் முதலில் வந்தது வாசனை. சாக்கு, தவிடு, அதற்கு மேலே பின்கட்டில் கொதிக்கிற கஞ்சியின் ஆவி.

ஆளுக்கு ஏழு கிண்ணம். ஒவ்வொன்றிலும் மூன்று கவளம் இருக்கும். கிண்ணத்தில் நம்பர் மட்டும் ஒட்டியிருந்தது. உப்பு கிடையாது, நெய் கிடையாது. நடுநடுவே வாய் கொப்பளிக்க வெந்நீர். சாப்பிட ஸ்பூன். எது எந்த அரிசி என்று கடைசியில்தான் சொல்வோம், அதுவரை பத்துக்கு எத்தனை மார்க் என்று துண்டுச் சீட்டில் எழுதுங்கள் என்றார் கடைக்கார அக்கா.

என்னைச் சேர்த்து ஒன்பது பேர். அதில் ஒரு பெரியவர் இரண்டாவது கிண்ணத்திலேயே சட்டைப் பையிலிருந்து ஊறுகாய் பாக்கெட்டை எடுத்துவிட்டார். அக்கா ஒன்றும் பேசாமல் கையை நீட்டினார். பெரியவரும் ஒன்றும் பேசாமல் கொடுத்துவிட்டார். பரீட்சை ஹாலில் பிட்டோடு மாட்டின பையன் முகம்.

மீதி நாளைக்கு. தூக்கம் வருகிறது.

ஜனவரி 6, மதியம் 1:50

சாப்பாட்டு இடைவேளை. விட்ட இடத்திலிருந்து.

முதல் கிண்ணம் வெள்ளையாக, உதிரியாக, குற்றம் சொல்ல ஒன்றுமில்லாமல் இருந்தது. ஆறு மார்க் போட்டேன். பிறகு தெரிந்தது, தூயமல்லி. இரண்டாவது கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனதும் ஆளாளுக்குச் சிரிப்பு. பிரியாணிக் கடை வாசல் வாசனை. சீரகச் சம்பாவை நம்பர் ஒட்டி மறைத்துவைக்க முடியாது. ஆனால் மசாலா இல்லாமல் அதை மட்டும் தின்றபோது, மூக்குக்குக் கிடைத்த அளவு நாக்குக்குக் கிடைக்கவில்லை. ஏழு.

மூன்றாவது கிச்சிலிச் சம்பா. அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. சீட்டில் "பரவாயில்லை" என்று இருக்கிறது.

நான்காவதும் ஆறாவதும் சிவப்பு, மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும். தவிடு நீக்காத அரிசி, மெல்லத்தான் வேண்டும். காட்டுயானத்தை மென்றுகொண்டே இருந்தேன், பக்கத்தில் இருந்தவர் அடுத்த கிண்ணத்துக்கே போய்விட்டார். ஆனால் மெல்ல மெல்லக் கடைசியில் ஒரு இனிப்பு வந்தது, வேகவைத்த வேர்க்கடலையின் இனிப்பு மாதிரி. அது வருவதற்குள் பாதிப் பேர் மூன்று மார்க் போட்டு முடித்திருந்தார்கள். நானும்தான்.

ஐந்தாவது கருப்பு கவுனி. அதைச் சாதமாக வைத்தது அநியாயம். அது பசைப்பிடிப்பான அரிசி. செட்டிநாட்டில் அதைச் சர்க்கரையும் தேங்காயும் போட்டு இனிப்பாகத்தான் வைப்பார்கள். பர்மாவில் தொழில் செய்த காலத்தில் அங்கிருந்து கொண்டுவந்த பழக்கம் என்பார்கள். அதை வெறும் சாதமாக வைத்து மார்க் போடச் சொல்வது பாட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கணக்குப் பரீட்சை வைக்கிற மாதிரி.

ஏழாவது கிண்ணம். ஒரு வாய்தான், சட்டென்று ஒன்பது மார்க். மிருது, உதிரி, வாயில் போட்டால் தானாக நகர்ந்து போகிறது. இதுதான் சாதம் என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

அக்கா வாசித்தார்: "ஏழாம் நம்பர், எதிர் மண்டியில் வாங்கின பொன்னி. ஒரு வருஷப் பழசு."

ஒன்பது பேரில் ஆறு பேர் அதற்குத்தான் முதல் மார்க் கொடுத்திருந்தோம். பாரம்பரிய அரிசி பிடிக்கும் என்று 400 ரூபாய் கட்டி வந்த ஆறு பேர்.

ஜனவரி 6, இரவு 9:05

"அப்போ பாரம்பரியம் எல்லாம் சும்மா விளம்பரம்தானே" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அவசரப்படாதீர்கள். அந்த ராத்திரி வீட்டுக்கு வந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஏழாம் நம்பர் ஜெயித்ததற்குப் பாதிக் காரணம் "ஒரு வருஷப் பழசு" என்ற அந்த மூன்று வார்த்தை. பழைய அரிசி தண்ணீரை அதிகம் குடிக்கும், நீளும், ஒட்டாது. புத்தரிசி குழையும். பொங்கலுக்குப் புத்தரிசி கேட்பது சாமிக்காக மட்டும் இல்லை, குழைந்தால்தான் பொங்கல். மற்ற ஆறும் எத்தனை மாதத்து அரிசி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மீதிப் பாதிக் காரணம் நான். பிறந்ததிலிருந்து பொன்னி தின்ற நாக்கு.

வேடிக்கை என்னவென்றால் பொன்னி என்பது காவிரியின் பெயர், ரகத்தின் பூர்வீகம் மலேசியா. அங்கே உருவான மாசுரி என்ற ரகம்தான் இங்கே வந்து பொன்னியாகி, 1986-இல் வெளியானது. பின்னாளில் மலேசியாவில் ஒரு நிறுவனம் அந்தப் பெயரையே தன் வணிக முத்திரையாகப் பதிவு செய்துகொள்ள, இந்தியத் தரப்பு வழக்குக்குப் போனது. பெற்றவர்களும் வளர்த்தவர்களும் பெயருக்குச் சண்டை போட்ட கதை.

ஜனவரி 7, காலை 7:20

திருத்தம். 1986 என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னிக்கு. பொன்னி என்ற பெயர் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. சுட்டிக்காட்டிய வேளாண் மாணவருக்கு நன்றி. அவர் கேட்ட தொனிக்கு நன்றி இல்லை.

ஜனவரி 8, இரவு 10:15

அம்மாவிடம் கதை முழுக்கச் சொன்னேன். ஆறு பேரும் பொன்னிக்கு மார்க் போட்டதற்கு அவர் சிரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி: "கையால சாப்பிட்டீங்களா, ஸ்பூனாலயா?"

ஸ்பூன் என்றேன்.

"அப்புறம் என்ன தெரியும்?"

மிச்சம் இருந்த சாதத்தை அக்கா டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்தார். அன்றைக்கே ஃப்ரிட்ஜில் வைத்தேன், மறுநாள் மத்தியானம் ஆவியில் சூடு பண்ணி, அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தேன். அவர் வாயில் போடவே இல்லை. கட்டைவிரலையும் இரண்டு விரலையும் சேர்த்து நசுக்கினார். "இது பச்சரிசி." "இது பிரியாணி அரிசி." "இது மாப்பிள்ளை, நடுவுல இன்னும் குச்சி இருக்கு, சரியா ஊறலை." "இது நம்ம வீட்டு அரிசி." கவுனியைத் தொட்டதும் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டார். கிச்சிலியை மட்டும் விட்டுவிட்டார். அதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

பருக்கையின் நடுவில் வேகாமல் நிற்கிற அந்த வெள்ளைப் புள்ளியைத்தான் குச்சி என்கிறார். விரலில் நசுக்கினால் மணல் மாதிரி உறுத்தும். ஸ்பூனில் தின்னும்போது அதை நான் "கடினமான அரிசி" என்று அரிசியின் கணக்கில் எழுதிவிட்டேன். அது சமைத்தவர் கணக்கு. மாப்பிள்ளைச் சம்பா ராத்திரியே ஊற வேண்டும். மாலை ஐந்து மணிக்கு ஊறப்போட்டதாக அக்காவே சொல்லியிருந்தார்.

ஆக நான்காம் நம்பருக்கு நான் போட்ட மூன்று மார்க்கை வாபஸ் வாங்குகிறேன். என்ன போடுவது என்று இன்னும் தெரியவில்லை.

ஜனவரி 9, காலை 8:40

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "மொட்டைக்கறுப்பன் வச்சவையோ?" (அங்கத்திய நெல் ரகம்.) இல்லை. அந்தக் கடையில் இல்லை, நான் கண்ணால் பார்த்ததும் இல்லை. அதில் புட்டு அவித்தால் வேறு எந்த மாவும் பிறகு பிடிக்காது என்கிறார், நம்புகிறேன். சோற்றில் ரம்பை இலை போட்டால் சீரகச் சம்பா எதற்கு என்றும் கேட்டிருக்கிறார். விளையாட்டாகக் கேட்டது பாதி உண்மை. பாஸ்மதியின் வாசனைக்கும் ரம்பை இலையின் வாசனைக்கும் மூலப்பொருள் ஒன்றுதான்.

ஜனவரி 11, மதியம் 12:30

கவுனி விஷயமாக மூன்று பேர் ஒரே கேள்வி: "கழுவினா சாயம் போகுதே, டை அடிச்ச அரிசியா?"

இதே சந்தேகத்தை அன்றைக்கு அந்த ஊறுகாய்ப் பெரியவரும் கிளப்பினார். அக்கா பதில் சொல்லவில்லை. கவுனி ஊறின தண்ணீரை இரண்டு கண்ணாடி டம்ளரில் ஊற்றி வந்தார். திராட்சை ரசம் மாதிரி கருநீலம். ஒன்றில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்தார். கீழிருந்து மேலே சிவப்பு ஏறியது, ரோஸ்மில்க்குக்கும் செம்பருத்திக்கும் நடுவில் ஒரு நிறம். இன்னொன்றில் ஒரு சிட்டிகை சமையல் சோடா. அது பச்சையும் நீலமுமாகத் திரும்பிவிட்டது. ஒன்பது பேரும் டம்ளருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தோம்.

சங்குப்பூவிலும் நாவல்பழத்திலும் இருக்கிற ஆந்தோசயனின் என்ற அதே நிறமிதான். தண்ணீரில் கரையும், புளிப்புக்குச் சிவக்கும், சோடா மாதிரிக் காரப்பொருளுக்கு நீலமாகும். ஆக, கழுவும்போது நிறம் போவது கவுனியின் இயல்பு. எலுமிச்சைக்கு அசையாத கருப்பு என்றால் கடைக்காரரிடம் போய்க் கேளுங்கள்.

பெரியவர் அந்தச் சிவப்புத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தார். "உப்பு வேணும்" என்றார்.

ஜனவரி 12, இரவு 11:02

"ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் மணி கலக்கிறார்கள், அதைப் பற்றிப் பேசுங்கள்" என்பவருக்கு: அது பிளாஸ்டிக் இல்லை. செறிவூட்டப்பட்ட அரிசி மணி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து அரிசி வடிவிலேயே அச்சில் எடுத்து, நூறுக்கு ஒன்று என்று கலப்பது. நிறம் கொஞ்சம் மாறி இருக்கும், சிலது தண்ணீரில் மிதக்கும். பொறுக்கி எறியாதீர்கள். இழை வேறெங்கோ போகிறது, திரும்பி வருகிறேன்.

ஜனவரி 18, காலை 9:15

பொங்கல் முடிந்து வந்துவிட்டேன். இந்த இழையில் இதுவரை எழுதினதையெல்லாம் அடிக்கச் சொல்கிற மாதிரி ஒன்று நடந்துவிட்டது.

மாப்பிள்ளைச் சம்பா ஒரு கிலோ வாங்கியிருந்தேன். போகிக்கு முதல் நாள் ராத்திரி ஊறப்போட்டு, போகியன்று மத்தியானம் வடித்தோம். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. என் பெண் சாம்பாரை மட்டும் வழித்துத் தின்றுவிட்டு எழுந்துவிட்டாள். மிச்சத்தில் அம்மா தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் மூடி வைத்தார்.

பொங்கலன்று காலை ஆறு மணிக்கு அந்தச் சட்டியைத் திறந்தால், தண்ணீர் இளஞ்சிவப்பாகக் கலங்கியிருந்தது. லேசான புளிப்பு வாசனை. பொன்னிப் பழையதில் பருக்கை கரைந்து கூழாகிவிடும், பிழிந்து எடுக்க வேண்டும். இதில் பருக்கை முழுசாக நிற்கிறது. விரலில் எடுத்தால் வெளித்தோல் நழுவி உள்ளே வெண்ணெய் மாதிரி. முதல் நாள் மத்தியானம் மென்று மென்று தாடை வலித்த அதே சோறு. கல் உப்பு, நாலு சின்ன வெங்காயம். அந்தத் தண்ணீரை மட்டும் இரண்டு டம்ளர் குடித்தேன். குளிருக்கு மார் கரகரத்தது, நிறுத்த முடியவில்லை.

கடையில் சூடாக, ஒரு மணி நேரத்துக்குள் ஏழு சோற்றுக்கு மார்க் போட்டோம். இந்த அரிசிக்குப் பரீட்சை நேரமே மறுநாள் காலைதான். ராத்திரி ஒன்பதேகால் மணிக்குக் கூட்டம் போட்டால் அதற்கு ஃபெயில் மார்க்தான் கிடைக்கும்.

நான்காம் நம்பர்: சோறாக நாலு, பழையதாகப் பத்து.

ஜனவரி 18, இரவு 8:30

"மாப்பிள்ளைச் சம்பா சாப்பிட்டால் சுகர் ஏறாது" என்று கீழே யாரோ எழுதி, அதற்கு முப்பது கைதட்டல் வேறு. எங்கள் அப்பாவும் அதைத்தான் நம்பினார். டாக்டர் அளந்து கொடுத்த ஒரு கப் பொன்னி, மாப்பிள்ளை வந்ததும் இரண்டு கப் ஆனது. "இதுல ஏறாதுடா." சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து நானே குத்திப் பார்த்தேன், 247. தவிட்டோடு இருக்கிற அரிசியில் நார்ச்சத்து உண்டு, செரிக்க நேரம் எடுக்கும். ஆனாலும் அது அரிசிதான், பெரும்பகுதி மாவுச்சத்து. தட்டில் அளவு குறையாமல் நிறம் மட்டும் மாறினால் மீட்டர் ஏமாறாது. அப்பாவுக்கு இன்னும் கோபம் மீட்டர் மேல்தான்.

ஜனவரி 20, மதியம் 2:10

விலை. கவுனி கிலோ 180, மாப்பிள்ளை 110, மண்டிப் பொன்னி 64 என்று நான் வாங்கின நிலவரம். "கொள்ளை" என்கிறார் ஒருவர். நானும் அங்கே முணுமுணுத்தேன். கடைக்கார அண்ணன் (அக்காவின் கணவர், திருத்துறைப்பூண்டிப் பக்கம் நிலம் இருக்கிறது) சொன்ன கணக்கு: குறுவை ரகங்கள் நூற்றுச் சொச்சம் நாளில் வீடு வந்து சேரும். காட்டுயானம் கிட்டத்தட்ட ஆறு மாதம் வயலில் நிற்கும், ஆள் உயரத்துக்கு மேலே வளரும், மகசூல் பாதிதான் வரும். உரம் போட்டால் இன்னும் உயர்ந்து சாய்ந்துவிடும்.

அவர் பேசும்போது நெல் ஜெயராமன் பெயர் வந்தது. 2006-இலிருந்து ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, வருகிற விவசாயிக்கு 2 கிலோ விதைநெல் கொடுத்து, அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தரச் சொன்னவர். 150-க்கும் மேற்பட்ட ரகங்களை இப்படிக் கைமாற்றிக் காப்பாற்றி, 2018 டிசம்பரில் போய்ச் சேர்ந்தார். "எங்க அப்பா வாங்கினது ரெண்டு கிலோ காட்டுயானம்" என்று அண்ணன் ஆறாவது கிண்ணத்தைத் தொட்டுக் காட்டினார். நான் மூன்று மார்க் போட்ட கிண்ணம். சீட்டை மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.

விலை சரியா தவறா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. மாதம் முழுக்க அதை வாங்கிச் சாப்பிட என் சம்பளம் போதாது என்பதும் உண்மை.

பிப்ரவரி 2, இரவு 9:48

புகார். கவுனி பையைத் திறந்தால் வண்டு. ஒரு மாதம்தான் ஆகிறது. போதாததற்கு மிச்சம் இருந்த மாப்பிள்ளையில் பழைய எண்ணெய் மாதிரி காறல் வாடை. 180 ரூபாய்க்கு வண்டு வளர்த்திருக்கிறேன். கடைக்குப் போன் போட்டுக் கொஞ்சம் காரமாகவே பேசிவிட்டேன்.

பிப்ரவரி 3, காலை 7:05

நேற்றைய புகாரில் பாதி என் மேல். இரண்டு பையையும் அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில் வைத்திருந்தேன். தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, சூடு பட்டால் சிக்குப் பிடித்த வாடை வந்துவிடும். பாலிஷ் போட்ட அரிசியில் அந்த எண்ணெய் போய்விடுவதால்தான் அது மாதக்கணக்கில் தாங்குகிறது. ஏழாம் கிண்ணம் ஒரு வருஷப் பழசாக இருந்து ஜெயித்ததும், மாப்பிள்ளையை அப்படி வருஷக்கணக்கில் அரிசியாக வைக்க முடியாததும் ஒரே காரணத்தால்தான். நெல்லாக வைத்து அப்பப்போ அரைப்பார்கள் என்றார் அக்கா. கொஞ்சமாக வாங்கு, டப்பாவில் காய்ந்த மிளகாய் போடு, முடிந்தால் ஃப்ரிட்ஜில் வை. இதையெல்லாம் வாங்கும்போதே சொல்லியிருக்கலாம் என்றேன். சொன்னேனே தம்பி, நீங்க அப்ப டம்ளரைப் போட்டோ எடுத்துட்டு இருந்தீங்க என்றார்.

வண்டை மொட்டை மாடி வெயிலில் விரட்டியாகிவிட்டது. கவுனி பிழைத்தது. மாப்பிள்ளை கோழிக்குப் போனது.

பிப்ரவரி 9, மதியம் 1:15

கேள்வி கேட்டவர் கடைசியில் வந்து எழுதியிருக்கிறார்: போனாராம், ஏழில் மூன்று கிண்ணத்துக்கு மேல் முடியவில்லையாம், பசி மட்டும் அடங்கியதாம். நியாயம்தான். ஒருவேளை உங்களுக்குக் குழம்புதான் ருசியோ என்னவோ, அதில் என்ன தப்பு.

நான் இந்த மாதமும் போகிறேன். இந்த முறை இரண்டு டிக்கெட், 800 ரூபாய், அம்மாவும் வருகிறார். ஸ்பூன் வேண்டாம், கை கழுவத் தண்ணீர் வையுங்கள் என்று சொல்லிவிட்டேன். அக்கா சரி என்றார். பழையதுக்கு மறுநாள் காலையும் கூட்டம் வைக்கலாமே என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு யார் வருவார் என்றார். ஊறுகாய்ப் பெரியவர் வருவார் என்றேன்.

கிளம்பும்போது மோர்மிளகாய் ரெண்டு மடித்துக்கொள்ளவா என்கிறார் அம்மா. கூடாது என்று சொல்லியிருக்கிறேன். பையைச் சோதனை போடப் போவதில்லை.